வழங்கியும் வாங்கியும்

வன்னியில் ஜெயபுரத்தைப் போன்ற ஒரு சிற்றூரின் மாணவன் இன்று இரசாயனவியலைத் தாய்மொழியிலேயே கற்கிறான். ‘தனிச்சோடி’, ‘ஈதற் பிணைப்பு’ என்பன அவனுக்குப் பாடச் சொற்கள். அச்சொற்களின் பின்னே ஒரு நூற்றாண்டுத் தேடல் உண்டென்பதை நாம் அவனுக்குச் சொல்கிறோமா?

1809இல் பிரான்சிய அறிஞர் கேலுசாக், அமோனியாவும் போரன் முப்புளோரைட்டும் சம கனவளவிற் கூடுவதைக் கண்டார். இரு வாயுக்கள் வெண்ணிறத் திண்மமாயின. பின்னர் எழுந்த வலுவளவுக் கொள்கையின்படி இரண்டுமே நிறைவுற்ற மூலக்கூறுகள். அவை கூடவேண்டிய தேவையே இல்லை. ஆயினும் அவை கூடின.

மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் கிறீனின் ‘கெமிஸ்தம்’ 1875இல் தமிழில் வெளிவந்தபோதும் இப்புதிர் அவிழவில்லை. இலத்திரனே 1897இற்றான் கண்டறியப்பட்டது. 1916இல் அமெரிக்க அறிஞர் லூயிசு, பிணைப்பு என்பது பகிரப்பட்ட இலத்திரன் சோடியே என்றார். 1923இல் சோடியை வழங்குவது மூலம், வாங்குவது அமிலம் என விரித்தார். நைதரசனிடம் பகிரப்படாத சோடி உண்டு. போரனைச் சூழ்ந்தோ ஆறு இலத்திரன்களே. புதிர் அவிழ்ந்தது.

ஊதா நிற அயடீன் மதுசாரத்திற் கரைந்து கபிலமாவதும் இவ்வினமே. அதன் கோட்பாட்டை 1952இல் மலிக்கன் வகுத்தார்.

கொள்கைக்கு அடங்காத உண்மையை எவரும் அழித்துவிடவில்லை, கொள்கையே மாறிற்று. சூத்திரத்தை மனனஞ் செய்விக்கும் வகுப்பறை இவ்வரலாற்றை மறைக்கிறது. கேட்கும் துணிவை மாணவனுக்கு அளிப்பதே ஆசிரியரின் கடன்.