வீட்டு ஆமைக்கு நத்தை: வயலில் பொறுக்காமல் முட்டையிலிருந்து வளர்ப்பது எப்படி?

அலங்கார மீன் கடைகளில் தீப்பெட்டியை விடச் சிறியதாக, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடொன்றுடன் விற்கப்படும் பச்சைக் குட்டி ஆமையைப் பலர் பார்த்திருப்பீர்கள். சிவப்புக் காது ஆமை என்று அழைக்கப்படும் இதன் தாயகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் அதைச் சூழ்ந்த பகுதிகளும். நன்றாகப் பராமரித்தால் 20, 30 வருடங்கள் வாழும். பெண் ஆமை ஓர் அடி நீளத்தை நெருங்கும். வாங்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்து இறக்குமதித் தீனின் விலை ஏறிய பிறகு, இந்த ஆமைகளை வைத்திருப்பவர்கள் மாற்று உணவு தேடத் தொடங்கினார்கள். வெளிநாடு போன உறவினர் ஒருவர் விட்டுச் சென்ற ஆமையொன்றைப் பராமரிக்கும் நானும் அவர்களில் ஒருவன்.

நத்தை அந்த மாற்று உணவுகளில் மிகச் சிறந்தது. ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து மருந்தாகவும் அமையலாம், நோயாகவும் அமையலாம். வயலிலோ வாய்க்காலிலோ பொறுக்கிய நத்தையை நேராக ஆமைக்குப் போடுவது ஏன் ஆபத்து, அதே நத்தையை வீட்டில் பாதுகாப்பாகப் பெருக்குவது எப்படி என்பதே இக்கட்டுரை.

முதலில், எந்த ஆமை?

இங்கே பேசப்படுவது கடையில் வாங்கப்பட்ட வெளிநாட்டு ஆமையைப் பற்றி மட்டுமே. எங்கள் குளங்களிலும் வயல்களிலும் வாழும் பாலாமை, கறுப்பு நிற வன்னோட்டு ஆமை, காட்டில் வாழும் நட்சத்திர ஆமை ஆகியவை விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைப் பிடிப்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். மழைக்காலத்தில் வீதியில் அகப்படும் ஆமையை வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்ப்பது இரக்கமாகத் தோன்றலாம். அதற்குச் செய்யக்கூடிய உதவி, அது போய்க்கொண்டிருந்த பக்கமாக வீதியைக் கடக்க விடுவதுதான். காயப்பட்டிருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.

நத்தையில் என்ன இருக்கிறது?

வளர்ப்பு ஆமைகளில் அடிக்கடி காணப்படும் கோளாறு ஓடு மென்மையாவதும் கோணலாவதும். கல்சியக் குறைபாடும் சூரிய ஒளியின்மையும் சேர்ந்து இதை உண்டாக்குகின்றன. ஆமையின் உணவில் பொஸ்பரசைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கல்சியம் இருக்க வேண்டும். இறைச்சித் துண்டிலும் ஓடு நீக்கிய இறாலிலும் நிலைமை தலைகீழ்: பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் சொற்பம்.

நத்தையை ஆமை ஓட்டோடு கடித்து விழுங்குகிறது. அந்த ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்றுதான். உள்ளே இருக்கும் சதை புரதம். ஒரே வாயில் இரண்டும் கிடைக்கின்றன. அத்துடன், கண்ணாடித் தொட்டியில் நாள் முழுக்கச் சும்மா மிதக்கும் விலங்குக்குத் தேடிப் பிடித்து உண்ணும் வேலையும் கிடைக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. உண்ட கல்சியம் உடலில் சேர்வதற்கு விற்றமின் டி தேவை. அதற்கு ஆமையின் ஓட்டில் நேரடி வெயில் பட வேண்டும். ஜன்னல் கண்ணாடியூடாக வரும் வெளிச்சத்தில் அதற்குத் தேவையான புற ஊதாக் கதிர் வடிந்து போய்விடும். ஒதுங்க நிழலும் உள்ள இடத்தில், காலை வெயிலில் விடாமல் நத்தை மட்டும் கொடுத்துப் பயனில்லை.

வயல் நத்தை ஏன் வேண்டாம்?

இரண்டு காரணங்கள். முதலாவது நஞ்சு. நெல் வயலிலும் மரக்கறித் தோட்டத்து வாய்க்காலிலும் அடிக்கப்படும் பீடைகொல்லிகளின் எச்சம் அங்கு மேயும் நத்தையின் உடலில் இருக்கலாம். பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

இரண்டாவது ஒட்டுண்ணி. தட்டைப் புழுக்கள் பலவற்றின் வாழ்க்கைச் சுற்றில் நத்தை கட்டாயமான ஒரு தரிப்பிடம். பறவை, ஆமை போன்ற விலங்கின் எச்சத்தோடு புழுவின் முட்டை நீரில் விழுகிறது. அதிலிருந்து வரும் குடம்பி நத்தைக்குள் புகுந்து பெருகுகிறது. பின்னர் வேறு வடிவம் எடுத்து வெளியே வந்து அடுத்த விலங்கைத் தேடுகிறது. ஆமையின் இரத்தக் குழாய்களில் குடியிருக்கும் தட்டைப் புழு வகையொன்றும் இப்படித்தான் பரவுகிறது. அது தோலைத் துளைத்தே உள்ளே போகக்கூடியது. ஆகவே ஆமை அந்த நத்தையை உண்ண வேண்டும் என்றுகூட இல்லை. ஒரே தொட்டியில் இருந்தாலே போதும்.

மனிதருக்கும் பங்கு உண்டு. எலியின் நுரையீரலில் வாழும் உருளைப் புழுவொன்று நத்தை வழியாகப் பரவி, மனிதரின் மூளையையும் கண்ணையும் தாக்கக்கூடியது. மனிதரின் கண்ணில் இப்புழு காணப்பட்ட நிகழ்வுகள் இலங்கையிலும் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. வெளியில் எடுத்த நத்தையை வெறும் கையால் நசுக்கிவிட்டு அதே கையால் சாப்பிடுவது விளையாட்டல்ல.

எந்த வகையை வளர்ப்பது?

மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் வீட்டில் சாதாரணமாகக் கிடைக்கும் நான்கு வகைகளை எடுத்துக்கொள்வோம்.

தட்டையாகச் சுருண்ட, செம்மறியாட்டுக் கொம்பு போன்ற நத்தை எனது தெரிவு. ஓடு மெல்லியது. ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமானது என்பதால் சோடி தேட வேண்டியதில்லை. சிவப்பாகத் தெரிபவற்றின் நிறத்துக்கு அதன் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினே காரணம்.

இடப்பக்கமாகச் சுருண்ட, சிறுவிரல் நகத்தை விடச் சிறிய கொப்புள நத்தை இரண்டாவது. ஓடு இன்னும் மெல்லியது; குட்டி ஆமைக்கு ஏற்றது. தனியொரு நத்தை தானே கருவுற்று முட்டையிடும்.

நீண்ட கூம்பு வடிவில் மணலுக்குள் புதைந்து வாழும் ஊசி நத்தை எங்கள் குளங்களிலும் உண்டு. ஆண் இல்லாமலே குட்டி ஈனும். ஆனால் ஓடு மிகக் கடினம், குட்டி ஆமையால் உடைக்க முடியாது. அதோடு, பல தட்டைப் புழுக்களைச் சுமக்கும் வகையும் இதுதான். தவிர்ப்பது நல்லது.

கடைகளில் மஞ்சள் நிறத்தில் விற்கப்படும் பெரிய அப்பிள் நத்தை நான்காவது. இது தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. இதன் இனமான பொமேசியா டிஃபியூசா அலங்கார மீன் வர்த்தகத்தின் வழியாக இலங்கையின் நீர்நிலைகளுக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்டது. இதன் நெருங்கிய உறவான பொமேசியா கனாலிகுலாடா, 1980 அளவில் உணவுக்காகத் தாய்வானுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் தென்கிழக்காசியாவின் நெற்பயிரைத் தின்னும் பெரும் பீடையாக மாறியது. அதன் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தில் நச்சுப் புரதமும் உண்டு. இவற்றைப் பிரித்தறிவது எளிதல்ல என்பதால் பெரிய நத்தைகளையே வீட்டுக்குள் எடுக்காமல் விடுவது பாதுகாப்பு.

முட்டையே ஆரம்பம்

தட்டைப் புழு தாய் நத்தையிலிருந்து அதன் முட்டைக்குப் போவதில்லை. முழு வேலையின் அடிப்படையும் இந்த ஒரு உண்மைதான். கடையிலோ நண்பரிடமோ பத்து நத்தைகளை வாங்கி ஒரு போத்தலில் இடுங்கள். சில நாட்களில் கண்ணாடியில் ஒளி ஊடுருவும் பசை போன்ற முட்டைக் கட்டிகள் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றிலும் பத்துக்கு மேற்பட்ட முட்டைகள் இருக்கலாம். அவற்றைப் பழைய அட்டைத் துண்டொன்றால் மெதுவாக வழித்தெடுத்து, சுத்தமான நீரில் அலசி, வேறு தொட்டியில் விடுங்கள். எங்கள் வெப்பநிலையில் ஒன்று முதல் இரண்டு வாரங்களில் பொரிக்கும். தாய் நத்தைகளை அந்தத் தொட்டிக்குள் விட வேண்டாம்.

அடுத்த விதி இதைவிட முக்கியம். ஆமைத் தொட்டியிலிருந்து எடுத்த அழுக்கு நீரை, சத்து இருக்கிறது என்று நினைத்து, நத்தைத் தொட்டிக்குள் ஊற்றக் கூடாது. ஆமையின் எச்சம் நத்தைக்குப் போகாமல், பறவை எச்சம் விழாமல், எலி அண்டாமல் மூடி வைத்தால் புழுவின் சுற்று அறுந்துவிடும். ஆமைக்கு ஒரு வலை, நத்தைக்கு ஒரு வலை எனத் தனித்தனியாக வைத்திருங்கள்.

தொட்டி, நீர், தீன்

கண்ணாடித் தொட்டி தேவையில்லை. மீன் கடைகளில் கழிக்கப்படும் ரெஜிபோம் பெட்டியை நன்றாகக் கழுவிப் பயன்படுத்தலாம். பழைய பிளாஸ்டிக் பேசினும் போதும். 20 லீற்றர் நீர் பிடித்தால் ஒரு ஆமைக்கான நத்தை கிடைக்கும். நேர் வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும்.

நத்தைக்கு வன்னீர் வேண்டும். சுண்ணாம்புக்கல் தரையின் மேல் வாழும் யாழ்ப்பாணத்தாருக்கு இது பிரச்சினையே இல்லை. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவை உண்டாக்கி எரிச்சலூட்டும் எங்கள் கிணற்று நீர் நத்தைக்கு வரப்பிரசாதம். மலையகத்தின் மென்னீரில் வளர்ப்பவர்கள் கணவாய் ஓட்டுத் துண்டொன்றையோ அவித்து நொறுக்கிய முட்டைக்கோதையோ தொட்டியில் இட வேண்டும். ஓடு வெளிறி அரிக்கப்பட்டுக் குழி விழுந்தால் கல்சியம் போதவில்லை அல்லது நீர் அமிலமாகிவிட்டது என்று பொருள். சண்டை மீனுக்குப் போடும் காய்ந்த வாதுமை இலை நீரை அமிலமாக்கும். இங்கே அது வேண்டாம். குழாய் நீரானால் வாய் அகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பின் ஊற்றுங்கள். செப்பு கலந்த மீன் மருந்துகள் நத்தையைக் கொல்லும். மருந்திட்ட தொட்டியின் நத்தையை ஆமைக்குக் கொடுக்கவும் கூடாது.

தீனுக்குச் செலவில்லை. வெந்நீரில் வாட்டிய பசளி, வல்லாரை, பூசணித் துண்டு, கரட் தோல் எல்லாம் உண்ணும். கடை மரக்கறியை நன்றாகக் கழுவுங்கள். கிழமைக்கு இரண்டு தடவை சிறிது மீன் தீன் இட்டால் வேகமாகப் பெருகும். மிஞ்சியதை அடுத்த நாளே எடுத்துவிட வேண்டும். நத்தைகள் கூட்டமாக நீருக்கு மேலே ஏறி நின்றால் நீர் பழுதாகிவிட்டது. கிழமைக்கு ஒருமுறை காற்பங்கு நீரை மாற்றினால் அந்த நிலை வராது.

நுளம்பை மறக்க வேண்டாம்

2017இல் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமான டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். வளவில் மூடாத நீர்த்தொட்டி வைத்திருப்பது பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் பிரச்சினை மட்டுமல்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உயிர்ப் பிரச்சினை. நுளம்பு புகாத நுண்வலையால் தொட்டியை இறுக மூடுங்கள். கூடவே மூன்று நான்கு கப்பி மீன்களை விடுங்கள். அவை கூத்தம்பிகளைத் தின்றுவிடும், வளர்ந்த நத்தையை ஒன்றும் செய்யா. வலை, மீன் இரண்டும் இருக்க வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது?

முதல் இரண்டு, மூன்று மாதங்கள் தொட்டியிலிருந்து எடுக்காமல் பெருக விடுங்கள். பிறகு ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஆமையின் தலையை விடச் சிறிய நத்தையாகத் தெரிவு செய்ய வேண்டும். குட்டி ஆமைக்குக் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று நான்கு சிறிய நத்தைகள் போதும். சிவப்புக் காது ஆமை வளர வளர இலையுணவுக்கு மாறும். பெரிய ஆமைக்குக் கீரையே பிரதான உணவு, நத்தை இடையிடையே. உண்ணாமல் விட்டவற்றைத் திரும்ப நத்தைத் தொட்டிக்குள் போடாதீர்கள்.

ஆமையைத் தொட்ட பின்னும் நத்தையைத் தொட்ட பின்னும் சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள். ஆமையின் உடலில் சல்மொனெல்லா பக்டீரியா இருக்கும். சிறுவர்களுக்கு இந்த நோய் தொற்றியதால் தான் அமெரிக்கா 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளின் விற்பனையைத் தடை செய்தது.

வாய்க்காலில் ஊற்ற வேண்டாம்

இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் நிபுணர் குழு, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலொன்றை வெளியிட்டிருக்கிறது. அதில் பொமேசியா கனாலிகுலாடா நத்தை இருக்கிறது. சிவப்புக் காது ஆமையும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997இல் இந்த ஆமையின் இறக்குமதியை நிறுத்தியதற்கும் அது இயற்கை நீர்நிலைகளுக்குள் புகுந்ததே காரணம். இரண்டும் தாமாகக் கடல் கடக்கவில்லை. வளர்த்தவர்களுக்கு அலுத்தபோது வாய்க்காலுக்கும் குளத்துக்கும் போனவை.

ஆகவே மிஞ்சிய நத்தைகளையும் முட்டைகளையும் கொதிநீர் ஊற்றிக் கொன்று, ஆழமாகப் புதைத்துவிடுங்கள். மரத்துக்கு நல்ல பசளை. தொட்டி நீரைக் கானுக்குள் விடாமல் காய்ந்த நிலத்தில் ஊற்றுங்கள். ஆமையை இனியும் வைத்திருக்க முடியாது என்றால், அதைப் பராமரிக்கக்கூடிய இன்னொருவரைத் தேடிப் பிடித்து, 30 வருடக் கணக்கையும் சொல்லிக் கொடுங்கள். ஊர்க்குளத்தில் பாலாமை இருக்கிறது. அங்கே இருக்கும் நத்தைகள் அதற்குரியவை.