ஏக்நாத் சோல்கர்: ஷார்ட் லெக்கில் ஒரு வாழ்க்கை

பேஸ்பாலில் அடிப்பவருக்கு முன்னே நின்று பந்தை மறிப்பவரை இன்ஃபீல்டர் என்பர். அவர் கையில் தோலுறை உண்டு. கிரிக்கெட்டில் அதனினும் நெருக்கமான இடம் ஷார்ட் லெக். மட்டைக்குச் சில அடித் தொலைவுதான், கையோ வெறுங்கை. தலைக்கவசம் புழக்கத்துக்கு வருமுன் அந்த இடத்தில் நின்று பெயர் பெற்றவர் ஏக்நாத் சோல்கர்.

1948-இல் பம்பாயில் பிறந்தார். தந்தை இந்து ஜிம்கானா மைதானத்தின் பராமரிப்பாளர். அங்கு நடந்த ஆட்டங்களுக்கு ஸ்கோர் பலகையில் எண் மாற்றிய சிறுவன்தான் பின்னாளில் இந்திய அணிக்கு வந்தான். 1969 முதல் 1977 வரை 27 டெஸ்டுகள். 1068 ஓட்டங்கள், ஒரு சதம், 18 விக்கெட்டுகள். இவற்றை மட்டும் நோக்குவோர் அவரை எளிதில் கடந்துவிடக்கூடும். ஆனால் பிடித்த கேட்சுகள் 53. டெஸ்டுக்கு ஏறத்தாழ இரண்டு. ஸ்லிப்பில் புகழ்பெற்ற ஆஸ்திரேலியரான பாப் சிம்ப்சன் 62 டெஸ்டுகளில் பிடித்தவை 110 என்பதை இங்கே ஒப்புநோக்கலாம்.

1971 ஆகஸ்ட், ஓவல் மைதானம். இரண்டாம் இன்னிங்ஸில் இங்கிலாந்து 101 ஓட்டங்களில் சுருண்டது. சந்திரசேகர் 38 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்ததையே நாம் இன்றும் பேசுகிறோம். ஆனால் முதல் இன்னிங்ஸில் 90 அடித்திருந்த ஆலன் நாட், நம் சென்னையின் வெங்கட்ராகவன் வீசிய பந்தில் ஒரே ஓட்டத்துடன் வெளியேறினார். முன்னால் பாய்ந்து தரையை ஒட்டிப் பிடித்தவர் சோல்கர். இங்கிலாந்து மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் தொடர் வெற்றியும் அங்கே கைகூடின.

சுழலும் பந்து மட்டையின் உள்விளிம்பிலும் காலுறையிலும் பட்டு எழும். பிடிக்க ஆளில்லையெனில் அது வெறும் தப்பிய பந்து. ஆள் நின்றாலோ, மட்டையாளர் காலை முன்வைக்கவே தயங்குவார். அந்தத் தயக்கத்தைப் பதிவு செய்யும் கட்டம் எந்த ஸ்கோர் புத்தகத்திலும் இல்லை.

மண்ணரையிலும் சுற்றுவட்டாரத்திலும் தைக்கப்படும் பனியனின் கழுத்தில் கம்பெனிப் பெயர் இருக்கும். தைத்தவர் பெயர் இராது. சோல்கர் அவ்வளவு மறக்கப்படவில்லை. கேட்ச் பிடித்தவர் என்று அவர் பெயர் பதிவாகியிருக்கிறது. எனினும் வெற்றியின் வரலாற்றைச் சுழல்பந்து வீச்சாளர்களின் வரலாறாக மட்டுமே நாம் எழுதிவருவது நியாயமன்று. 2005 ஜூனில், 57-ஆம் வயதில் அவர் மறைந்தார். பேடி, பிரசன்னா, சந்திரசேகர், வெங்கட்ராகவன் என்று நால்வரை அடுக்கும்போது ஐந்தாவதாக அவர் பெயரையும் சேர்த்துச் சொல்வதே முறை.