ரூட் கேனால் முடிஞ்சாச்சு... கேப்புக்கு மூவாயிரமா, பதினைந்தாயிரமா?

2025-ல் ரீல்ஸ் புண்ணியத்தில் கூமாப்பட்டி உலக ஃபேமஸ். ஆனா, பல்வலின்னு வந்துட்டா ஊர்க்காரங்க பலரும் பஸ் ஏறுறது ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோதான். அங்கே ரூட் கேனால் முடிந்து, ‘எந்த கேப் போடலாம்?’ என்று டாக்டர் கேட்கும்போதுதான் தலை சுத்தும். ‘வலிதான் போயிடுச்சே, கேப்பை அப்புறம் பார்த்துக்கலாம்’னு திரும்பி வந்துடாதீங்க!

சொத்தையைச் சுரண்டி, நரம்பை எடுத்த பிறகு கடைவாய்ப்பல்லில் மிஞ்சுவது மெல்லிய சுவர்தான். முறுக்கைக் கடிக்கும்போது அது பிளக்கலாம். வேர்வரை பிளந்தால் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டும். அப்புறம் பிரிட்ஜ், இம்ப்ளான்ட் என்று செலவு எங்கேயோ போய்விடும்.

இருப்பதில் மலிவு, மெட்டல் கேப். நிக்கல்-குரோமியம் அல்லது கோபால்ட்-குரோமியம் கலவை. தனியார் கிளினிக்குகளில் தோராயமாக 1,500 முதல் 3,000 ரூபாய். பல்லை அதிகம் சீவ வேண்டாம், லேசில் உடையாது. நிறம் மட்டும்தான் பிரச்னை. கவரிங் கம்மல் போட்டால் காது அரிக்கிற ஆளா நீங்க? நிக்கல் அலர்ஜி இருக்கலாம், டாக்டரிடம் முதலிலேயே சொல்லிடுங்க.

அடுத்தது, மெட்டல் மேல் செராமிக் பூசியது. சுமார் 3,000 முதல் 6,000 வரை. பார்க்கப் பல் மாதிரியே இருக்கும். ஆனால், உள்ளே மெட்டல், மேலே செராமிக் என ரெண்டுக்கும் இடம் வேண்டும் என்பதால் பல்லைக் கூடுதலாகச் சீவுவார்கள். செராமிக் சில்லு பெயரலாம். வருடங்கள் போய் ஈறு இறங்கினால் ஓரத்தில் கறுப்புக் கோடு எட்டிப்பார்க்கும்.

இப்போ எல்லோரும் கேட்பது ஜிர்கோனியா. மெட்டலே கிடையாது. கம்ப்யூட்டரில் டிசைன் செய்து, மிஷினில் கடைந்து, சூளையில் சுடுவார்கள். சுடும்போது ஏறக்குறைய 20 சதவிகிதம் சுருங்கும் என்பதால், முதலில் பெரிதாகவே கடைவது இதில் சுவாரஸ்யம். விலை சுமார் 7,000 முதல் 15,000 வரை. முழுக்க ஜிர்கோனியாவால் ஆனது கடைவாய்க்கு ஏற்றது. மேலே செராமிக் பூசியது அழகு, ஆனால் அந்தப் பூச்சு பெயர வாய்ப்பு உண்டு. எனவே, ‘முழு ஜிர்கோனியாவா, பூச்சு வெச்சதா?’ன்னு கேளுங்க. முன்பற்களுக்கு மட்டும் ‘இ-மேக்ஸ்’ எனப்படும் கண்ணாடி செராமிக்கையும் யோசிக்கலாம். ஒளி ஊடுருவுவதால் இயற்கையான பல் போலவே தெரியும்.

நம்ம ஓட்டு? சிரிச்சாலும் தெரியாத கடைசிப் பல்லுக்கு, அலர்ஜி இல்லைன்னா மெட்டலே போதும். பட்ஜெட் இல்லைன்னு கேப்பே போடாமல் விடுவதைவிட அது எவ்வளவோ மேல். மதுரையில் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர்கள் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை தருவார்கள். கட்டணம் பொதுவாகக் குறைவு, அலைச்சல்தான் கூடுதல்.

பணம் கட்டும் முன், சொன்ன விலையில் எக்ஸ்-ரே, தற்காலிக கேப் எல்லாம் சேர்த்தியான்னு கேட்டுக்கோங்க. ஜிர்கோனியா என்றால் பிராண்ட் பெயரும் நம்பரும் உள்ள வாரன்ட்டி கார்டை வாங்குங்க. அந்த வாரன்ட்டி கேப்புக்குத்தான், உள்ளே இருக்கும் பல்லுக்கு இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போயிட்டு பால்கோவா சாப்பிடாம வர முடியாது, சரி. ராத்திரி பிரஷ் பண்ணும்போது கேப்பும் ஈறும் சேரும் ஓரத்தை விட்டுடாதீங்க. திரும்பச் சொத்தை ஆரம்பிப்பது அங்கேதான்.