குவாங்சோவின் ஒற்றைக் கதவு

நெட்வொர்க்கில் எல்லா போர்ட்டையும் மூடிவிட்டு ஒன்றை மட்டும் திறந்து வைப்பது எங்கள் வேலையில் சாதாரணம். 1757இல் சீனப் பேரரசர் சியென்லுங் அதைத்தான் செய்தார். ஐரோப்பியக் கப்பல்கள் இனி குவாங்சோவுக்கு மட்டும்தான் வரலாம். தேயிலை, பட்டு எல்லாமே உரிமம் பெற்ற சில வணிகர்கள் வழியாகத்தான்.

1759இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜேம்ஸ் ஃபிளின்ட் தியான்ஜின் வரை போய், குவாங்சோ சுங்க அதிகாரியின் ஊழல் பற்றிச் சீன மொழியில் மனு கொடுத்தார். விசாரணையில் அதிகாரியின் பதவி பறிபோனது. ஆனால் ஃபிளின்ட்டுக்கு மக்காவில் மூன்று வருடச் சிறை. மனு எழுத உதவிய லியூ யாபியனுக்கோ மரண தண்டனை.

1842இல் நான்கிங் ஒப்பந்தம், பீரங்கி பலத்தில், ஐந்து துறைமுகங்களைத் திறந்தது. அபினிப் போர் என்றால் எல்லாரும் அந்தப் பீரங்கிகளைப் பேசுவோம். எனக்கு முதலில் ஞாபகம் வருவது லியூதான். மனுவில் உண்மை இருந்தது. எழுதிக் கொடுத்தவன் தலை போச்சு.