குடலின் காவலர்

யப்பானின் கியூசுத் தீவிலே மினமாட்டா என்றொரு கடற்கரை நகரம் உண்டு. 1956ஆம் ஆண்டு மே மாதத்திலே, நடை தளர்ந்து பேச்சுக் குழறிய நோயாளர் சிலரைப் பற்றி அங்குள்ள மருத்துவமனையொன்று அதிகாரிகளுக்கு அறிவித்தது. குடாக்கடலின் மீனை உண்ட வீடுகளையே அந்நோய் நாடிற்று. பூனைகளும் துடிதுடித்து மடிந்தன. தொழிற்சாலைக் கழிவோடு கடலிற் கலந்த மெதயில் பாதரசமே காரணம் என்பதை அரசாங்கம் ஏற்றது 1968இலேதான்.

மறு ஆண்டிலே சுவீடன் நாட்டு அறிஞர் யென்சனும் யேர்னலோவும் மற்றோர் உண்மையை வெளியிட்டனர். நீரடிச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள், அசேதனப் பாதரசத்தையும் இக்கொடிய நஞ்சாக மாற்றுகின்றன என்பதே அது.

ஆக்குவது நுண்ணுயிரெனின், அழிப்பதும் நுண்ணுயிரே. மீனோடு உட்செல்லும் மெதயில் பாதரசம் ஏறக்குறைய முழுவதும் குருதியிற் சேர்கிறது. ஈரல் அதிற் சிறிதளவைப் பித்தநீரோடு குடலுக்கு அனுப்புகிறது. குடலோ அதிற் பெரும்பகுதியை மீண்டும் உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சியதைக் குடல்வாழ் பற்றீரியங்கள் அசேதனப் பாதரசமாகச் சிதைக்கின்றன. அது எளிதில் உறிஞ்சப்படாமையால் மலத்தோடு கழிகிறது.

1980களிலே றோலண்ட் என்பாரும் அவர் குழுவினரும் சுண்டெலிகளுக்கு நுண்ணுயிர்கொல்லி மருந்தூட்டிச் சோதித்தனர். பற்றீரியங்கள் குன்றவே, நஞ்சு கழிவதும் குன்றி உடலிலே மிகுதியாகத் தங்கிற்று. பால்குடி மாறாத குட்டிகளின் குடலிலும் இவ்வாற்றல் மிகக் குறைவு.

மனித உடல் இந்நஞ்சிற் பாதியைக் கழிப்பதற்குச் சராசரி 70 நாட்கள் வேண்டும். நாள்தோறும் நஞ்சுண்டவரைக் காக்க அவ்வேகம் போதவில்லை. கருவிலிருந்த குழந்தைகளும் தப்பவில்லை. குடலிலே காவலர் இருப்பினும், முதற்காவல் கடலுக்கே வேண்டும். 2013இலே பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்த உடன்படிக்கை, மினமாட்டாவின் பெயரையே தாங்கி நிற்கிறது.