ஊவா தோட்டக் குடும்பங்களில் பேச்சும் வளர்ப்பும்

இலங்கையின் ஊவா மாகாணத்தில் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை, பசறை, லுணுகலை, நமுனுகுலைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் மலையகத் தமிழர் தலைமுறைகளாக வாழ்கின்றனர். இவர்களின் குடும்பப் பேச்சுக்கும் பிள்ளை வளர்ப்புக்கும் வடிவம் தந்ததில் லயத்துக்கு (தொழிலாளர் குடும்பங்கள் வாழும் வரிசைக் குடியிருப்புக்கு) பெரும் பங்கு உண்டு.

ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடியில் ஒரு காம்பரா (அறை), முன்னால் ஓர் இஸ்தோப்பு (திண்ணை): குடும்பமொன்றுக்குத் தோட்டம் கொடுத்தது இவ்வளவே. மகன் கல்யாணம் முடித்த பின்னும் பல வீடுகளில் அதே காம்பராதான். கணவனும் மனைவியும் தனித்துப் பேச இடமில்லை. பேசினால் அடுத்த காம்பராவுக்கும் கேட்கும். கடன், சம்பந்தப் பேச்சு, சண்டை எல்லாமே பிள்ளைகளின் காதில் விழுகின்றன. பெரியவர்கள் உட்கார வைத்துச் சொல்லும் புத்திமதியைவிட, இப்படிக் காதில் விழுந்ததிலிருந்தே பிள்ளை உலகத்தை அதிகம் கற்றுக்கொள்கிறது.

தாய் விடியுமுன் சமைத்து, கைக்குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் (தோட்டக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டுக் கொழுந்தெடுக்கப் போகிறாள். அதனால் உறவுமுறையும் முறைப்பேச்சும் சாமி கதைகளும் பெரும்பாலும் பாட்டி வழியாகவே பிள்ளைகளுக்குச் சேர்கின்றன. மாசியில் நடக்கும் காமன் கூத்தில் இளைஞர்கள் மூத்தவர்களிடம் வேடத்தையும் பாட்டையும் கற்கின்றனர்.

பெண்ணின் கூலியைக் கணவனோ தகப்பனோ வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. தோட்டங்களில் ஆண் பெண் நாட்கூலி சமமானது 1984இல்தான். அதன் பிறகும் வீட்டில் முடிவு சொல்லும் உரிமை பெண்ணுக்கு அதே அளவில் வரவில்லை. உழைப்பின் பெரும்பங்கு அவளுடையது என்பதால் இது பெரிய அநீதி.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளியினரான மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் ஏற்பாடு செய்தது. அண்ணன் தமிழகத்தின் கூடலூரிலும் தங்கை பசறையிலுமாகப் பிரிந்தவர்களுக்குக் கடிதமே உறவானது. தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றதும் நேரில் பார்ப்பது இன்னும் அரிதாயிற்று.

இன்றைய பிரிவு வேறு வகை. தாய் வளைகுடா நாட்டு வீட்டு வேலைக்குப் போக, பிள்ளை பாட்டியிடம் வளர்கிறது. தாயின் கண்டிப்பும் கொஞ்சலும் கைத்தொலைபேசியில் வருகின்றன. பள்ளியில் நடந்ததைத் தாய்க்குச் சொல்வதா என்பதைப் பிள்ளையே தீர்மானிக்கிறது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்மார் வீட்டு வேலைக்கு வெளிநாடு செல்வதை இலங்கை அரசு 2013இல் கட்டுப்படுத்தியது. பொருளாதார நெருக்கடியின்போது, 2022இல், அந்த வரம்பை 2 வயதாகக் குறைத்தது. தகப்பன்மாருக்கு இவ்விதி பொருந்தவில்லை.