திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியும் மின்னஞ்சல் மோசடியும்

திருப்பூரில் பனியன் கம்பெனிகள் 1920களில் தோன்றின. 1970களின் பிற்பகுதியில் ஐரோப்பிய வணிகர்கள் இங்கு வரத் தொடங்கியபின் ஊர் ஏற்றுமதி நகரமாக மாறியது. 1990இல் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் அமைந்தது. பின்னல், சாயம், பிரிண்டிங், தையல் என ஒவ்வொரு வேலையும் தனித்தனிச் சிறு கம்பெனிகளில் ஜாப் ஒர்க்காக நடப்பது இவ்வூரின் வழக்கம். வாய்ச்சொல்லும் துண்டுச்சீட்டும் போதும் என்ற நம்பிக்கையில் பல கொடுக்கல் வாங்கல்கள் ஓடின. அந்தத் தொழிலுக்குள் கணினி வந்தபோது வைரஸைப் பற்றிய பயமும் கூடவே வந்தது. ஆனால் ஏற்றுமதியாளரின் பணத்துக்கு உண்மையான ஆபத்து வேறு பக்கத்தில் இருந்து வந்தது: இன்வாய்ஸில் உள்ள வங்கிக் கணக்கு எண்ணை யாரோ மாற்றிவிடுவது.

எல்.சி.யிலிருந்து மின்னஞ்சலுக்கு

ஏற்றுமதியின் தொடக்க ஆண்டுகளில் ஆர்டர்கள் டெலக்ஸிலும் பின்னர் ஃபேக்ஸிலும் வந்தன. பணம் பெரும்பாலும் எல்.சி. எனப்படும் வங்கி உறுதிக்கடிதத்தின் பேரில் கிடைத்தது. சரக்கு ஆவணங்களை இரு நாட்டு வங்கிகளும் சரிபார்த்த பிறகே பணம் நகரும். இது மெதுவான, செலவு பிடிக்கும் முறைதான். ஆனால் யாரோ ஒருவர் எழுதிய கடிதத்தை நம்பிப் பணம் வேறு கணக்குக்குப் போய்விடாது.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் மின்னஞ்சல் ஃபேக்ஸின் இடத்தைப் பிடித்தது. பையரோடு பழக்கம் வளர வளர, எல்.சி. இல்லாமல் நேரடி வங்கிப் பரிமாற்றத்துக்குப் பலரும் மாறினர். கணக்கு எண், மின்னஞ்சலோடு இணைத்த இன்வாய்ஸில் பயணம் செய்யத் தொடங்கியது. வங்கி செய்துவந்த சரிபார்ப்பு விலகியது. அந்த இடத்தில் வேறு எதுவும் வரவில்லை. மோசடி நுழைந்த வாசல் இதுதான்.

மோசடி நடக்கும் விதம்

முதலில் போலி லாகின் பக்கம் ஒன்றின் மூலம் கம்பெனி மின்னஞ்சலின் கடவுச்சொல் திருடப்படுகிறது. திருடன் உடனே எதுவும் செய்வதில்லை. வாரக்கணக்கில் கடிதங்களைப் படித்துக்கொண்டே இருக்கிறான். எந்த ஸ்டைல், எத்தனை பீஸ், கப்பல் என்று புறப்படுகிறது, மெர்ச்சன்டைசர் பையரை எப்படி அழைத்து எழுதுகிறார் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்துவிடும். சரக்கு தூத்துக்குடியில் கப்பல் ஏறியபின் பையருக்கு ஒரு கடிதம் போகிறது. எங்கள் வங்கிக் கணக்கில் தணிக்கை நடப்பதால் இம்முறை மட்டும் இந்தப் புதிய கணக்குக்கு அனுப்பவும் என்று அதில் இருக்கும். அனுப்புநர் முகவரியில் ஆங்கில ‘எம்’ எழுத்துக்குப் பதிலாக ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நிற்கும். சிறிய எழுத்தில் பார்த்தால் கண் ஏமாந்துவிடும். கணக்கு எண்ணை மட்டும் பார்த்து வரவு வைப்பதே பல நாடுகளில் வங்கிகளின் நடைமுறையாக இருந்ததால், பெயர் வேறாக இருந்ததும் தடையாகவில்லை.

பையர் அனுப்பிவிட்டேன் என்பார். ஏற்றுமதியாளர் வரவில்லை என்பார். இருவருமே சொல்வது உண்மை. 2010களில் திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சிலர் இவ்வகை மோசடியில் சிக்கினர். சிறு கம்பெனிக்கு ஒரு ஷிப்மென்டின் பணம் என்பது நூல் கடன், சாயப்பட்டறை பில், வங்கியின் பேக்கிங் கிரெடிட், சனிக்கிழமைச் சம்பளம் எல்லாம் சேர்ந்தது. புகார் திருப்பூரில், பையர் ஓர் ஐரோப்பிய நகரில், பணம் போன கணக்கு மூன்றாவது நாட்டில் என்னும்போது வழக்கு எளிதில் நகராது.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2023இல் இவ்வகை மோசடி குறித்து 21 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகார்களைப் பெற்றது. இழப்பு சுமார் 290 கோடி டாலர். அதே ஆண்டு ரான்சம்வேர் புகார்களில் பதிவான இழப்பு சுமார் 6 கோடி டாலர்தான். தொழில் முடங்கியதால் ஏற்பட்ட நட்டம் இந்தக் கணக்கில் இல்லை என்றாலும், செய்திகளில் அதிகம் அடிபடுவது ரான்சம்வேர்தான் என்பது கவனிக்கத்தக்கது.

ரான்சம்வேரும் சிறு கம்பெனிகளுக்குப் பொருட்படுத்தத்தக்க ஆபத்தே. 2017 மே 12 அன்று பரவிய வானாக்ரை ஏறத்தாழ 150 நாடுகளின் கணினிகளைப் பூட்டியது. அது பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அதை நிறுவாதவர்களே மாட்டினர். டேலி கணக்கின் நகலை எப்போதும் கணினியில் செருகியே இருக்கும் டிரைவில் வைத்தால், அதுவும் சேர்ந்தே பூட்டப்படும்.

சட்டமும் வங்கியும்

தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 அக்டோபர் 17 முதல் நடைமுறையில் உள்ளது. அடையாளத் திருட்டு, கணினி வழி ஆள்மாறாட்டம் ஆகியவற்றுக்கான 66சி, 66டி பிரிவுகள் 2008 திருத்தத்தில் சேர்க்கப்பட்டன. இணையத் தாக்குதலை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரலில் உத்தரவிட்டது. கணக்குப்பிள்ளையே கம்ப்யூட்டரையும் கவனிக்கும் கம்பெனியில் இது நடப்பது கடினம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தொழிலாளர்களின் ஆதார் நகல்களைக் கோப்புகளில் வைத்திருக்கும் முதலாளிகளையும் தொடுகிறது.

உள்நாட்டுப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்யலாம். வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பணம் திசைமாறினால், அதை அனுப்பிய பையரின் வங்கியே திரும்பக் கேட்க வேண்டும். அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம் உண்டு. 2025 அக்டோபரிலிருந்து யூரோ நாடுகளின் வங்கிகள் யூரோ பரிமாற்றங்களில் பெறுபவர் பெயரும் கணக்கும் பொருந்துகின்றனவா என்று காட்ட வேண்டியுள்ளது. மோசடிக் கணக்கு அந்நாடுகளுக்குள் இருந்தால் பையருக்கு எச்சரிக்கை கிடைக்கும். அதற்கு வெளியே இருந்தால், ஏற்கெனவே தெரிந்த தொலைபேசி எண்ணில் மெர்ச்சன்டைசரைக் கூப்பிட்டுக் கேட்பதுதான் பையருக்குள்ள சரிபார்ப்பு.